லிஸ்டில் இல்லாத மாத்திரை

அந்த சைக்கிள் டீமில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. லிஸ்டு அக்கா என்றால்தான் தெரியும். பந்தய சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எந்தெந்த மருந்தைத் தொடக்கூடாது என்று ஒரு தடைப் பட்டியல் வருஷா வருஷம் வரும். அதில் உள்ள பெயர்களை வாய்விட்டுப் படித்தால் பல் உடையும். டீம் டாக்டரே இரண்டு மூன்றை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். அக்காவுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. இருமல் மருந்து, மூக்கில் விடுகிற சொட்டு, தோலில் தடவுகிற களிம்பு, எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது லிஸ்ட்ல இருக்கு, குப்பைல போடு" என்பாள். அல்லது "இல்ல, போட்டுக்கோ" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இத்தனைக்கும் அவள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. உத்தியோகம் கால் பிடித்துவிடுவது. சிரிக்காதீர்கள். "உலகத்துல எல்லாரும் யார் காலையாவது புடிச்சுத்தான் பொழைக்கிறாங்க. நான் அதை வெளிப்படையா செய்யறேன், அவ்ளோதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். காலையில் ஓட்டுகிறவர்கள் எழுந்திருப்பதற்குள் ஹோட்டலின் பின்புறம் நிற்கும் டீம் வண்டியில் எழுபது எண்பது தண்ணீர் பாட்டில் நிரப்பி, யாருடையது எது என்று மூடியில் எழுதி வைக்க வேண்டும். பந்தயத்துக்கு நடுவில் சாலையோரம் நின்று, பறந்து வருகிறவன் கையில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட வேண்டும். கை ஒரு சாண் தப்பினால் அவனும் விழுவான், இவள் தோள்பட்டையும் கழன்றுவிடும். சாயங்காலம் எட்டுப் பேரின் பதினாறு கால்களையும் எண்ணெய் தடவி அமுக்கிவிட வேண்டும். ஆடுசதையில் கட்டைவிரலை வைத்த மாத்திரத்தில், இன்றைக்கு எவன் உழைத்தான், எவன் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தான் என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பதினாறில் இரண்டு கால் அவளுடைய சொந்தத் தம்பியின் கால். சதையே இல்லாத உடம்பு, மலை ஏறினால் யாராலும் பிடிக்க முடியாது. அதனால் அவனுக்கு சிட்டு என்று பெயர் விழுந்தது. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தொன்று. அன்றைக்கு அவனை இடுப்பில் தூக்கி வைத்தவள் அதற்குப் பிறகு இறக்கிவிடவே இல்லை என்று சொல்லலாம். கல்யாணப் பேச்சை இரண்டு தடவை எடுத்தார்கள். பந்தயக் காலம் முடியட்டும் என்றாள். பந்தயக் காலம் முடிந்தபாடில்லை.

பட்டியலை அவள் கையில் எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டீமுக்கு ஒரு கேப்டன் இருந்தான். ராஜா மாதிரி இருப்பான். ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது போலீஸ் வந்து, வாயில் வைத்த கரண்டியோடு அவனை எழுப்பிக் கொண்டுபோனது. ரத்தத்தைக் கெட்டியாக்குகிற ஊசி, அறையில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் இருந்ததாம். அடுத்த மூன்று வருஷத்தில் வீடு போயிற்று, மனைவி போனாள், மானம் எப்போதோ போயிற்று. ஊசி போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? வேறு வேறு ஊசி போட்டுக்கொண்டது. ஒரு தடவை டீம் வண்டிக்குப் பெட்ரோல் போட நிறுத்தியபோது, கார் துடைக்கிற துணியோடு ஓர் ஆள் வந்து அக்காவிடம் சிகரெட் இருக்கிறதா என்று கேட்டான். முன்பல் இரண்டு இல்லை. பேசி முடித்து வண்டி நகர்ந்த பிறகுதான் அவன் யார் என்று அவளுக்கு உறைத்தது. தன் தம்பி இந்தக் கதிக்கு வரக் கூடாது. அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கையில் வேறு கவலையே இருக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். பல் விளக்குகிற பசையில்கூட என்னென்ன சேர்த்திருக்கிறது என்று படித்தாள். சிட்டுவின் மகளுக்கு, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா, நாலாவது பிறந்தநாள் வந்தபோது, கேக்கில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று பேக்கரிக்காரரைப் போனில் பிடித்து கால் மணி நேரம் குடைந்தாள். "அம்மா, நான் கேக்குதான் செஞ்சேன், வெடிகுண்டு இல்ல" என்று அவர் அலுத்துக்கொண்டார். சிட்டுவும் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அக்காவைக் கேட்காமல் ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்லை. எத்தனையோ டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றில்கூட ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை. அந்தக் காகிதங்களையெல்லாம் அவள் ஒரு ஃபைலில் கோத்து வைத்திருந்தாள். பிள்ளையின் ரேங்க் கார்டை வைத்திருக்கிற தாய்மார்கள் உண்டல்லவா, அப்படி.

வினை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு மழை நாளில் மலை இறக்கத்தில் சிட்டு விழுந்தான். காறை எலும்பு முறிந்தது, இடுப்பில் விரிசல். நாலு வாரத்தில் மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். அது அந்தத் தொழிலின் தர்மம், நம்மைப் போன்றவர்களுக்குப் புரியாது. வலிக்கு டீம் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். வலி மாத்திரை போட்டால் தூக்கம் கெட்டது, அதற்கு இன்னொரு மாத்திரை எழுதினார். அக்கா இரண்டு பெட்டியையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, பெயரைப் படித்து, பட்டியலை ஒரு தடவைக்கு மூன்று தடவை புரட்டினாள். இரண்டுமே பட்டியலில் இல்லை.

"இல்ல, போட்டுக்கோ" என்றாள்.

தூக்க மாத்திரை சிட்டுவுக்கு மட்டும் என்று இல்லை. மூன்று வாரப் பந்தயத்தில் தினம் ஒரு ஹோட்டல், தினம் ஒரு மெத்தை, உடம்பு முழுக்கக் காபியும் களைப்பும். எவனுக்கும் தூக்கம் வராது. ஆகவே டாக்டர் எட்டுப் பேருக்கும் எழுதினார். பெட்டி அக்காவின் பொறுப்பு. கால் பிடித்து முடித்ததும் ஏப்ரன் பையிலிருந்து ஒன்றை எடுத்து ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் வைப்பாள். தம்பிக்கு மட்டும், பாவம் இடுப்பு வலியோடு ஓட்டுகிறானே என்று, ஒன்றுக்கு இரண்டாக வைப்பாள். டாக்டர் வாய்மொழியாகச் சொன்னபடி வலி மாத்திரையைப் பொடித்து, பந்தயத்தின் கடைசி மணி நேரத்துக்கான பாட்டிலில் கலந்துவிடுவாள். வேகமாகப் போகிறவனால் பிரித்துப் போட்டுக்கொள்ள முடியாதல்லவா. இதில் தப்பு இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றினால்தானே! பட்டியலில் இருந்தால் விஷம், இல்லாவிட்டால் மிட்டாய். பதினாலு வருஷம் அந்த ஒரே தராசில் நிறுத்துப் பழகிய மனசு. மூன்று வருஷம் இப்படியே ஓடிற்று.

முதலில் தம்பி மனைவிதான் வாயைத் திறந்தாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேசாத பெண். ஒரு மத்தியானம் கடையிலிருந்தே போன் செய்தாள்.

"அண்ணி, பாப்பாவ கூட்டிட்டு வர ஸ்கூலுக்கு கார்ல போனாரு. கேட்டுக்கு எதிர்ல எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, இவரு ஸ்டியரிங் மேல தலைய வச்சு தூங்கிட்டாரு. வாட்ச்மேன் கண்ணாடிய உடைச்சு எழுப்பிருக்காரு. பாப்பா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

"ஒடம்பு அசதிம்மா. போன வாரம்தான் பந்தயம் முடிஞ்சுது. கொஞ்சம் ஓய்வு குடு" என்றாள் அக்கா.

"அசதி இல்ல அண்ணி. தூக்க மாத்திரைய பகல்லயே போடுறாரு. சட்டைப் பைல இருக்கு, ஷூவுக்குள்ள இருக்கு. நேத்து பாப்பாவோட பென்சில் டப்பாவுல ஆறு இருந்துச்சு. அவ அத எடுத்து வாயில போட்டிருந்தா?"

கேட்கிற யாருக்கும் பகீர் என்றிருக்கும். அக்கா என்ன கேட்டாள் தெரியுமா?

"எந்த மாத்திரை? பேரப் படி."

அவள் படித்தாள்.

"அது லிஸ்ட்லயே இல்லையே. நம்ம டாக்டர் எழுதினதுதான். அதுக்கு ஏம்மா இப்படி பதறுற? இத்தனை வருஷத்துல ஒரு டெஸ்ட்டுல கெட்ட பேரு வாங்கியிருக்கானா என் தம்பி?"

"டெஸ்ட்டுல பாஸ் ஆயிட்டா மனுஷன் நல்லா இருக்கான்னு அர்த்தமா அண்ணி?"

சுரீர் என்று தைத்திருக்க வேண்டிய கேள்வி. தைக்கவில்லை. புருஷனைத் திட்ட முடியாத கோபத்தை நாத்தனாரிடம் காட்டுகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பென்சில் டப்பாவில் வைத்தது தப்புதான், கண்டிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். கண்டிக்கவும் செய்தாள், பொய் சொல்லக் கூடாது. "பாப்பா கைக்கு எட்டாத எடத்துல வைடா" என்றாள். இதைச் சொல்லும்போது எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

அதற்குள் இன்னொரு தலைவலி. டெஸ்ட் எடுக்கிற அதிகாரிகள் பந்தயத்தில் மட்டும் வருவதில்லை, வீட்டுக்கும் வருவார்கள். ஓட்டுகிறவன் தினமும் ஒரு மணி நேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வந்து மணி அடித்தால் அவன் நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் டெஸ்ட் தவறியது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்து தின்றவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. சிட்டு காலை ஆறிலிருந்து ஏழு வரை என்று கொடுத்திருந்தான். அந்த வருஷம் இரண்டு தடவை தவறிவிட்டான். இரண்டு தடவையும் வீட்டில்தான் இருந்தான், மனைவி பாப்பாவோடு ஊருக்குப் போயிருந்தாள், மணி அடித்தது அவன் காதில் விழவே இல்லை.

அக்கா என்ன செய்தாள்? காலிங் பெல்லை மாற்றினாள். எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து, தீயணைப்பு வண்டி மாதிரி அலறுகிற ஒன்றை மாடிப்படியில் மாட்டச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டார். "உங்களுக்கு தூக்கம் போனா போகுது, என் தம்பிக்கு பொழப்பு போயிடும்" என்றாள். ஆள் செத்த மாதிரி தூங்குகிறானே, அது ஏன் என்று யோசிக்க வேண்டிய இடத்தில் மணியின் சத்தத்தைக் கூட்டினாள் அந்தப் புத்திசாலி.

பந்தயக் காலத்தின் கடைசியில் எல்லாம் சேர்ந்து வந்தது. வளைவு இல்லை, மேடு இல்லை, நேர்க்கோடு போட்ட மாதிரி சாலை. அதில் சிட்டு தூங்கி விழுகிறவன் போலச் சாய்ந்து, பக்கத்தில் வந்த நாலு பேரையும் சாய்த்தான். ஒருவனுக்குத் தாடை உடைந்தது. அந்த வாரமே மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன் வாசலில் நின்று அக்காவிடம், "நான் இருந்தா என்கிட்டருந்து ஒளிக்கிறாரு. நீங்களாவது பக்கத்துல இருந்து பாருங்க அண்ணி. பாக்கறதுன்னா நெஜமாவே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். அடுத்த வருஷம் டீமில் இடம் இல்லை. அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிட்டு "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொன்னான். போனை வைத்துவிட்டு வந்து, சின்னப் பிள்ளை மாதிரி அவள் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"வேற டீம் இல்லையாடா உலகத்துல? மூணாவது டெஸ்ட் மட்டும் தவறாம பாத்துக்கோ. கெட்ட பேர் இல்லாத ஆளுக்கு எங்க போனாலும் எடம் உண்டு" என்றாள்.

"தூங்கணும் அக்கா. ரெண்டு குடு."

கொடுத்தாள். தலையைத் தடவி, காலைப் பிடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். நிம்மதியாக அவளும் தூங்கினாள்.

காலை ஆறு பத்துக்கு மணி அலறிற்று. வாசலில் டெஸ்ட் எடுக்கிற அதிகாரி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போல ஒரு மனிதர், தோளில் பை, கையில் அட்டை. "இருக்காரா?" என்றார். "இருக்கான் சார், உக்காருங்க, இதோ எழுப்பிட்டு வரேன்" என்று அவரைச் செருப்பு அலமாரி பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அக்கா மாடிக்கு ஓடினாள். ஏழு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது, கவலையில்லை என்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சிட்டு குப்புறப் படுத்திருந்தான். குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, தொண்டையில் தண்ணீர் புரளுகிற மாதிரி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெகு நேரம். நல்ல தூக்கம் என்று அவள் நினைத்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள், பிறகு அறைந்தாள். "டேய், சார் வந்திருக்காருடா, எந்திரிடா, மூணாவது தடவைடா" என்று காதில் கத்தினாள். ஆடுசதையில் ஓர் இடம் உண்டு, அங்கே கட்டைவிரலை ஊன்றினால் எந்த ஓட்டுகிறவனும் அலறிக்கொண்டு எழுவான். ஊன்றினாள். கால் துவண்டு கிடந்தது.

மேஜைக் கடிகாரத்தைப் பார்த்தாள், ஆறு இருபது. செம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். ஆறு இருபத்தைந்து. தினம் பதினாறு கால்களை அமுக்குகிற கைக்கு அந்த உடம்பு ஒரு பாரமா? அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டாள். தலை மார்பில் தொங்கிற்று. உதடு நீலமாக இருந்தது. தண்ணீர் குளிர்ச்சி, அதனால் என்று எண்ணிக்கொண்டாள்.

கீழேயிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். "என்னம்மா ஆச்சு?"

"எந்திரிச்சுட்டான் சார்! குளிச்சுக்கிட்டு இருக்கான்! அஞ்சே நிமிஷம்!"

அடிப் பாவி! வாய் கூசாமல் வந்துவிட்டது பொய். ஆனால் அந்தப் பொய்தான் அவரை மேலே வரவைத்தது. நான் பார்க்காமல் குளிக்கக் கூடாது, அது விதி, என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறி வந்தார். குளியலறை வாசலில் நின்றவர் ஒரு கணம்தான் பார்த்தார். அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார்.

"அம்மா, இவரு தூங்கல! மூச்சே இல்லம்மா!"

அவனைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்க ஆரம்பித்தார். அக்கா தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். அவள் வாயிலிருந்து அப்போது வந்த வார்த்தைகளை நான் இட்டுக்கட்டவில்லை, அவளே பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னவை.

"சார், இன்னும் ஏழு ஆகல சார். கையெழுத்து போட்டுடுவான் சார். வரலைன்னு மட்டும் எழுதிடாதீங்க சார்."

அந்த மனிதர் அமுக்குவதை நிறுத்தாமல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பைத்தியத்தைப் பார்க்கிற பார்வை. "டெஸ்ட் கெடக்குது கழுத! ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணும்மா!" என்று வீடே அதிரக் கத்தினார். அப்போதுதான் அவளுக்குக் கண் திறந்தது. போனில் மூன்று எண் அழுத்துவதற்கு நாலு தடவை தவறினாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரம்மா குறிப்பேட்டோடு வந்து கேள்வி கேட்டாள். தம்பி மனைவி அதற்குள் தாய் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தாள், ஒரு காலில் ஒரு செருப்பு, மறு காலில் வேறு செருப்பு.

"முதல்ல எத்தனை மணிக்கு பாத்தீங்க?"

"ஆறு பத்து, பதினொண்ணு இருக்கும்."

"எங்களுக்கு போன் வந்தது ஆறு முப்பத்தெட்டு. நடுவுல என்ன பண்ணீங்க?"

"எழுப்பிக்கிட்டு இருந்தேன்."

"இருபத்தேழு நிமிஷமா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். "சரி. இதுக்கு பதில் சரியா வேணும், அத வச்சுத்தான் வைத்தியம். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாளா? அவருக்கு யாரு குடுத்தது?"

"டீம் டாக்டர் எழுதறதுன்னு மட்டும் தெரியும், கொண்டுவந்து குடுக்கறது யாருன்னு தெரியலையே டாக்டர், நானும் தேடாத எடம் இல்ல" என்று தம்பி மனைவி அழுதாள்.

அக்கா நினைத்திருந்தால் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த நிமிஷத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும், உறவு மிஞ்சும். தம்பி மிஞ்சுவானா என்பதுதான் தெரியாது. சொன்னாள். எந்தப் பெயர், எத்தனை வீரியம், எத்தனை வருஷம், இரவுக்கு இரண்டு, பந்தயத்தன்று பாட்டிலில் பொடித்துப் போட்டது மூன்று, எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"நான்தான் டாக்டர் குடுத்தேன்."

தம்பி மனைவி அழுகையை நிறுத்திவிட்டாள். "நீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா குறிப்பேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ரத்தத்துல இருக்கிறது ரெண்டு மூணு இல்லம்மா. இருபதுக்கு மேல. மிச்சம் எங்கருந்து வந்துச்சு?"

அந்த மிச்சத்தின் கதை மத்தியானம் வந்தது, நெட்டையன் ரூபத்தில். டீமிலேயே உயரமானவன், சிட்டுவோடு ஒரே அறையில் தங்குகிறவன். வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேம்பினான். "அக்கா, நீங்க ராத்திரி எங்க கைல வக்கிற மாத்திரை இருக்கே, அத வச்சுத்தான் நாங்க சீட்டு ஆடுவோம். காசு வச்சு ஆடுனா மேனேஜர் திட்டுவாரு. அதனால மாத்திரைய வச்சு ஆடுவோம். சிட்டு நல்லா ஆடுவான் அக்கா. தோத்தாலும் கெஞ்சி வாங்கி, பைல சேத்து வச்சுக்குவான். எனக்கு தூக்கம் தானா வரும்னு என்னோடத தினம் அவனுக்கே குடுத்துருவேன்."

அவர்கள் சீட்டாடுவதை அக்கா எத்தனையோ தடவை கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். மெத்தை நடுவில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து, "நல்ல சூதாட்டம்டா" என்று சிரித்திருக்கிறாள். எட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுத்ததாக அவள் நினைத்த பெட்டி, முக்கால்வாசி ஒரே வயிற்றுக்குள் போயிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்குத் தான் மேய்வது தெரியவே தெரியாது. தலையில் இடி விழுந்தவள் போல அவள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டீம் டாக்டருக்குப் போன் செய்தாள். "நான் எழுதினது ஆளுக்கு ஒண்ணும்மா. உங்க தம்பிக்கு ரெண்டா வச்சது நீங்க. பொடிச்சு பாட்டில்ல போடச் சொல்லி நான் எங்கயாவது எழுதியிருக்கேனா?" என்றார் அந்தப் புண்ணியவான். வாயால் சொன்னதை எழுத்தில் தேடச் சொல்கிற ஆளிடம் என்ன பேச்சு? போனை வைத்தாள்.

இரண்டு நாள் சிட்டு குழாயில் மூச்சு விட்டான். பிழைத்தால் புத்தி பழையபடி இருக்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் தம்பி மனைவி கட்டிலுக்கு ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். நடுவில் ஒரு பேச்சு இல்லை. ஒரு தடவை மட்டும் தம்பி மனைவி தானாகவே, "பாப்பா அத்தைய கேக்கறா" என்றாள். அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள். பத்து மணி வாக்கில் கண் திறந்தான். அக்காவுக்கு உயிர் வந்தது. தம்பி மனைவி குனிந்து, "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான், தலையை ஆட்டினான், பார்வையைத் திருப்பினான். பாப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. அறை முழுக்கத் தேடி அக்காவிடம் வந்து கண் நின்றது.

"அக்கா."

"சொல்லுடா என் ராஜா."

"ரெண்டு குடு."

அவள் கை பைக்குப் போயிற்று. நம்புவீர்களா? இவ்வளவும் நடந்த பிறகு, அவள் யோசிப்பதற்கு முன்னால், கை தன்பாட்டுக்கு இடுப்பில் ஏப்ரன் பையைத் தேடிற்று. ஏப்ரன் இல்லை. தம்பி மனைவி அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். அக்கா நெருப்பைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"கெடையாதுடா. இனிமே கெடையாது."

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை முதலில். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உண்மையாகவே விவரம் கேட்கிறவன் மாதிரி, "ஏன்? லிஸ்ட்ல ஏத்திட்டாங்களா?" என்றான்.

தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். கிடைக்காது என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கினான், ரத்தம் போர்வையில் தெறித்தது. அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத வசவெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. "நீதானடி குடுத்த? மூணு வருஷமா நீதானடி குடுத்த? இப்ப மட்டும் என்ன?" அக்காவை அவன் 'டி' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. நர்சுகள் இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். உதைத்து ஒருத்தியைத் தள்ளிவிட்டான்.

"அம்மா, சும்மா நிக்காதீங்க, காலப் பிடிங்க! கட்டணும்!" என்று ஒரு நர்ஸ் கத்தினாள்.

அக்கா கட்டிலின் கால்மாட்டில் ஏறி மண்டியிட்டு, இரண்டு முழங்காலின் மேலும் தன் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினாள். எந்த இடத்தில் அமுக்கினால் அசைய முடியாது என்று அவளுக்குத் தெரியும். நர்சுகள் பட்டையை இழுத்துக் கட்டினார்கள். "விடு அக்கா, வலிக்குது, விடு அக்கா" என்று கெஞ்சினான். அவள் விடவில்லை. தலையைத் தூக்கி, அவள் முகத்தில் காறித் துப்பினான். அவள் துடைத்துக்கொள்ளவில்லை, கை இரண்டும் வேலையாக இருந்தன.